தகரவாயனின் இடுப்புச் சாவி

தகரவாயனை வரைந்தது நான்தான். உடம்பெல்லாம் துருப்பிடித்த தகடு. தகடு வெட்டும் பிரஸ் மெஷின் போல மேலிருந்து கீழே இறங்கும் வாய். நெற்றியில் எந்நேரமும் தூங்கி வழியும் ஒற்றைக் கண். இடுப்பில், இடது பக்கம், ஒரு சாவி. கேன்டீனில் கை கழுவும் இடத்துக்கு மேலே இருக்கும் போர்டில் மாதம் ஒரு பக்கம் படக்கதையாக வரைந்து ஒட்டுவேன். அதற்கு முன்பு அங்கே ‘பாதுகாப்பே முதன்மை’ என்று ஒரு போஸ்டர் இருந்தது. ஒருவரும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. தகரவாயனைச் சோப்பு நுரை வழியும் கையோடு நின்று படித்தார்கள்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வண்டிக் கதவுகளுக்குக் கீல் செய்யும் கம்பெனி எங்களுடையது. எனக்கு குவாலிட்டி பிரிவில் வேலை. வரைவது யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல. கோபம் வந்தால் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். தகரவாயன் பிறந்ததும் ஒரு கோபத்தில்தான்.

சம்பங்கி என்பவன் பிரஸ் மெஷினில் வேலை செய்தவன், கெலவரப்பள்ளிப் பக்கத்து ஊர்க்காரன். என்னைவிட ஆறேழு வயது சின்னவன். அவனுடைய வலது கையில் இப்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் இருக்கின்றன. பிரஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பக்கமும் கம்பம் மாதிரி சென்சார் நிற்கும். நடுவில் கை போனால் மெஷின் இறங்காது. ஒரு சாவியைத் திருப்பிவிட்டால் அந்தச் சென்சார் தூங்கிவிடும். கை உள்ளே இருந்தாலும் மெஷின் இறங்கும். அச்சு மாற்றிச் சரிபார்க்கும்போது மட்டும் திருப்ப வேண்டிய சாவி அது. ஆபரேட்டர் யாரிடமும் இருக்காது. சூப்பர்வைசரிடம்தான் இருக்கும்.

அன்று லோடு அவசரம். சென்சார் தொட்டதற்கெல்லாம் மெஷினை நிறுத்திக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் ஆனந்தராஜுக்கு மேலிருந்து போன் மேல் போன். அவர் வந்து சாவியைத் திருப்பிவிட்டு, பார்த்துப் போடப்பா என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திருப்பியதை லைனில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். சம்பங்கியின் விரல்கள் போன பிறகு எழுந்த பேச்சு என்னவோ அவனுடைய கவனக்குறைவு என்றுதான். போன் பார்த்துக்கொண்டே வேலை செய்தானாம். அவன் அம்மா நாராயணம்மா காதுவரை அது போய்விட்டது. அந்தம்மா அதை நம்பி, ஊரில் எவர் கையில் செல்போனைப் பார்த்தாலும் தன் மகன் கையைச் சொல்லித் திட்ட ஆரம்பித்தது. சம்பங்கி ஒருமுறையும் மறுத்துப் பேசவில்லை. அவனை ஸ்டோருக்கு மாற்றி, கையுறை எடுத்துக் கொடுக்கும் வேலை தந்திருந்தார்கள். அந்த வேலை போய்விடக் கூடாதே என்கிற பயம் அவனுக்கு.

ஆனந்தராஜ் கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. காவேரிப்பட்டினத்துக்காரர், மாம்பழக் காலத்தில் பை நிறையக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பவர். அவர் பெயரைச் சொன்னால் அவர் ஒருவரை வேலையிலிருந்து தூக்கிவிட்டுக் கை கழுவிவிடுவார்கள். அவருக்குப் போன் செய்தவர்கள் ஏசி அறையில் அப்படியே இருப்பார்கள். சம்பங்கி பெயரைச் சொன்னாலோ அது அப்பட்டமான பொய். அதனால்தான் ஒரு பூதத்தை வரைந்தேன். நாளுக்கு இத்தனை கீல் என்று டார்கெட் போர்டில் எழுதிய எண்களைத் தின்று கொழுக்கும் பூதம். அதன் இடுப்பில் சாவியைத் தெரிந்தேதான் மாட்டினேன். பிரஸ் லைன்காரர்கள் பார்த்த உடனே புரிந்துகொண்டார்கள். ஆபீஸ்காரர்கள், அழகாக இருக்கிறது மேகலா, பூதத்துக்கு நகை எல்லாம் போட்டிருக்கிறாயே என்றார்கள்.

பாதுகாப்பு வாரம் வரப்போகிற சமயத்தில், எங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி ஒரு குறும்படப் போட்டி அறிவித்தது. எச்.ஆர். அனிதா மேடம் என்னைக் கூப்பிட்டு, தகரவாயனைப் படமாக எடுக்கப் போகிறோம், ஃபேமிலி டே அன்று எல்லோர் வீட்டார் முன்னாலும் திரையில் போடுவோம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெங்களூரிலிருந்து ஹரீஷ்குமார் என்கிற டைரக்டர் வந்தார். விளம்பரப் படம் எடுப்பவர். என் பக்கங்களை எல்லாம் பொறுமையாகப் படித்தார். பிறகு, கதை அருமை, வில்லனை மட்டும் மாற்ற வேண்டும் என்றார். பிரியாணி பிரமாதம், அரிசியை மட்டும் எடுத்துவிடலாம் என்பது மாதிரி இருந்தது எனக்கு.

“இப்போ ஆடியன்ஸ் தகரத்தைப் பார்த்தா சிரிப்பாங்க மேடம். சொல்ப, கொஞ்சம் ரியலா போகலாம். வில்லன் பக்கத்து மெஷின்ல நிக்கற ஆள் மாதிரி இருக்கணும். அப்பதான் பயம் வரும்.”

“பக்கத்து மெஷின்ல நிக்கறவனுக்குப் பேர் இருக்குதே சார்” என்றேன்.

அவருக்கு அது விளங்கவில்லை. காகிதத்தில் வருகிற வில்லனுக்குக் காரணம் வேண்டாம், நடிகன் முகத்தில் வருகிற வில்லனுக்குக் காரணம் வேண்டும் என்று விளக்கினார். தகட்டு வாயும் தூங்குகிற கண்ணும் காகிதத்தில் நன்றாக இருக்கும், ஒரு மனிதன் அதை மாட்டிக்கொண்டு நடந்தால் பள்ளி ஆண்டுவிழா நாடகம்தான் என்றார். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சினிமாவில் அட்டைக் கொம்பு வைத்த வில்லன்களைப் பார்த்து நானே வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். ஆனால் அவர் எழுதிக் கொண்டுவந்த வில்லன் யாரென்றால், சீக்கிரம் டீ குடிக்கப் போக வேண்டும் என்று சாவியைத் திருப்பிச் சென்சாரைத் தூங்க வைக்கும் ஒரு சோம்பேறி ஆபரேட்டர். கடைசியில் அவன் கையே போகும். எந்த ஆபரேட்டரிடம் சாவி இருக்கிறது என்று கேட்டேன். அதெல்லாம் சின்ன விஷயம், ஆடியன்ஸுக்குத் தெரியாது என்றார். நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்று வந்தவர் சொன்ன பதில் இது. அனிதா மேடம் அவர் பக்கம்தான் பேசினார். என் மூக்கு நுனி சிவந்துபோனதை அந்த அறையில் இருந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அதோடு நிற்கவில்லை. ஸ்டோரில் ஹெல்மெட் வாங்கப் போன ஹரீஷ்குமார், அதை எடுத்துக் கொடுத்த கையைப் பார்த்துவிட்டார். மேக்கப்பே வேண்டாம், இவர்தான் வில்லன் என்று அனிதா மேடத்திடம் வந்து நின்றார். சம்பங்கியும் சரி என்றுவிட்டான்.

கேட்டதும் நேரே ஸ்டோருக்குப் போய் அவனைப் பிடித்துக்கொண்டேன். உனக்கு மூளை இருக்கிறதா, உங்கம்மா வந்து உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள், நீயாகவே கையை விட்டுக்கொண்டாய் என்று நீயே நடித்துக் காட்டப் போகிறாயா என்று பொரிந்து தள்ளினேன். அவன் கையுறைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னான்.

“நான் வேணாம்னா வேற ஒருத்தன நடிக்க வைப்பாங்கக்கா. அவன் விரல மடக்கி வச்சிக்கினு நடிப்பான். எல்லாரும் அத என் கைன்னுதான் பாப்பாங்க. அதுக்கு நானே நடிச்சிட்டுப் போறேன்.”

வெளியே வந்து தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நின்று அழுதேன். அவனுக்காகவா, என் தகரவாயனுக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

படப்பிடிப்பு ஞாயிற்றுக்கிழமை. லைனை நிறுத்தி, பிரஸ்ஸுக்குக் கரண்டைத் துண்டித்துவிட்டார்கள். கூட்டமாக நிற்க ஆள் வேண்டும் என்று பிரஸ் லைன்காரர்களையே வரச் சொல்லியிருந்தார்கள். மதியச் சாப்பாடு பிரியாணி என்றதால் எல்லோரும் வந்திருந்தார்கள். நானும் போனேன், வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டு.

முதல் காட்சியே சாவிதான். டூல் ரூமிலிருந்து ஏதோ ஒரு பழைய சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஹரீஷ்குமார் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குளோசப்பில் பொய் என்று தெரிந்துவிடும், நிஜச் சாவியே வேண்டும் என்றார். விபத்துக்குப் பிறகு அந்தச் சாவியை எந்நேரமும் சூப்பர்வைசர் கழுத்திலேயே போட்டிருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். ஆனந்தராஜ் ஓரமாக நின்றிருந்தார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் அனிதா மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையாட்டினார். அவர் கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி, பிரஸ் வரைக்கும் நடந்துவந்து, சம்பங்கி கையில் கொடுத்தார்.

அதுவரை பிரியாணியில் லெக் பீஸ் உண்டா இல்லையா என்று பேசிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது.

முதல் டேக்கில் வெளிச்சம் சரியில்லை. ஆனந்தராஜ் சட்டப்படி வந்து சாவியை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மறுபடி எடுக்கலாம் என்றதும் மறுபடி கழற்றி, நடந்துவந்து, கொடுத்தார். அதில் கேமராவுக்குள் யாரோ ஒருவருடைய நிழல் விழுந்துவிட்டது. மறுபடி வாங்கினார், மறுபடி கொடுத்தார். ஹரீஷ்குமார் கேமராவுக்குள் எதை எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவர் தேடிய நிஜம் கேமராவுக்கு வெளியே திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருந்தது. ஆனந்தராஜின் சட்டை முதுகு நனைந்து ஒட்டிப்போயிருந்தது.

மூன்றாவது தடவை, சாவியை வலது கையால்தான் திருப்ப வேண்டும், அந்தக் கைதான் தெரிய வேண்டும் என்று ஹரீஷ்குமார் கேட்டார். சம்பங்கி கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே பிடித்துத் திருப்பப் பார்த்தான். சாவி நழுவிக் கீழே விழுந்தது. ஆனந்தராஜ் ஓடிவந்து குனிந்து எடுத்து நீட்டினார். சம்பங்கி வாங்கவில்லை. அவன் குரலில் கோபம் இல்லை. ஸ்டோரில் எந்த அளவு கையுறை வேண்டும் என்று கேட்பானே, அந்தக் குரல்தான்.

“எனக்கு விரல் பத்தல சார். அன்னிக்கி மாதிரி நீங்களே திருப்பிடுங்க.”

ஹரீஷ்குமாருக்கு ஒன்றும் புரியவில்லை. சூப்பர்வைசர் ஃப்ரேமில் வரக் கூடாதே என்றார். அனிதா மேடம் இந்தக் கம்பெனிக்கு வந்ததே விபத்துக்கு அப்புறம்தான். ஆனால் கூட்டத்தின் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் ஆனந்தராஜிடம் நின்றார். அவர் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், மேகலா வரைஞ்ச மாதிரியே எடுத்துடலாம்” என்றார் ஆனந்தராஜ். “தகரம் எல்லாம் டூல் ரூம்ல நானே வெட்டித் தர்றேன். உள்ள நானே நின்னுக்கறேன். மூஞ்சி தெரியாதில்ல.”

அனிதா மேடம் ஹரீஷ்குமாரைத் தனியே அழைத்துப்போய்ப் பேசினார். என்ன பேசினாரோ, டைரக்டர் தோளைக் குலுக்கிக்கொண்டே திரும்பி வந்தார். சம்பங்கியிடம் அவர் போய்க் கைகொடுத்ததை மட்டும் நான் பார்த்தேன். இடது கையை நீட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆனந்தராஜ் தகட்டை வெட்டி, வளைத்து, விளிம்பில் ரப்பர் ஒட்டி, உடம்பைச் செய்துவிட்டார். வாய் இறங்கி ஏறுவதற்குச் சின்னதாக ஒரு கீல், எங்கள் கம்பெனிக் கீலேதான். மாட்டிக்கொள்வதற்கு முன்பு என்னிடம் வந்தார். விபத்துக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

“சாவி எந்தப் பக்கம்மா?”

“இடது பக்கம் சார்” என்றேன். கடுப்பாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை.

படம் போட்டியில் ஒன்றும் வாங்கவில்லை. பரிசு வாங்கிய படங்கள் எல்லாம் நிஜம் மாதிரி இருந்தனவாம்; எங்கள் தகரவாயன் வந்தபோது சிரித்தார்களாம். ஹரீஷ்குமார் சொன்னதுதான் நடந்தது. அதை எனக்கு போன் போட்டுச் சொல்லவும் அவர் தவறவில்லை.

ஃபேமிலி டே அன்று கேன்டீனுக்கு வெளியே பந்தல் போட்டுத் திரை கட்டியிருந்தார்கள். இங்கேயும் சிரித்தார்கள். தகரவாயன் நடந்தால் ஒவ்வொரு மூட்டும் சத்தம் போட்டது. டார்கெட் போர்டிலிருந்து எண்களைப் பிய்த்துத் தின்றபோது பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பிறகு அவன் பிரஸ்ஸிடம் வந்தான். இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்துத் திருப்பினான். பிரஸ் லைன்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் மட்டும் சத்தமே இல்லை.

எனக்கு முன் வரிசையில் சம்பங்கியும் அவன் அம்மாவும் இருந்தார்கள். நாராயணம்மா புதுப் புடவையில், முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தம்மா வீட்டில் தெலுங்குதான், வெளியில் தமிழ். அன்று எந்த மொழியில் கேட்கிறோம் என்று யோசிக்காமலே தமிழில் கேட்டது.

“ஏன்டா, இதுவா உன் கையக் கடிச்சது?”

ஆனந்தராஜ் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். சம்பங்கி திரும்பிப் பார்த்தால் கைக்கெட்டும் தூரம். பெயரைச் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“ஆமாம்மா” என்றான் சம்பங்கி. “இதுதான்.”

“அப்போ போன் பாத்தேன்னாங்களே?”

“நான் எங்கம்மா போன் பாத்தேன்.”

நாராயணம்மா மகனின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது. படம் முடியும்வரை விடவில்லை. என் பக்கத்தில் ஆனந்தராஜ் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்குகள் போட்ட பிறகும் அவர் அதை எடுக்கவில்லை.