பத்துக்குப் பதில் ஏழு

முதல் வருஷம் நான் இப்படி இல்லை. என் பேச்சை நம்ப வேண்டாம், திண்டிவனத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். "சக்கரபாணியா? அந்த ஆளு பைத்தியம் சார்" என்று மரியாதையாகச் சொல்வார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் திண்டிவனம் கால்பந்துக் குழுவினர் என்னைக் கோச்சாகக் கூப்பிட்டபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. விழுப்புரத்தில் பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறித் திண்டிவனம் போவேன். மூன்றாவது மேட்சிலேயே குழுத் தலைவர் சீனுவாசனின் அக்கா மகனை இடைவேளையோடு வெளியே எடுத்தேன். அவன் மோசமாக ஆடவில்லை. கொட்டாவி விட்டான், அவ்வளவுதான். இன்னொரு மேட்சில் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, கடைசி ஐந்து நிமிஷம் கோல்கீப்பரையே முன்னால் அனுப்பினேன். எதிரணிக்காரன் பாதி மைதானத்திலிருந்து காலியான கோலுக்குள் பந்தை உருட்டிவிட்டான். ஊரே சிரித்தது. அடுத்த வாரமும் அதையே செய்தேன், அன்றைக்குக் கீப்பர் தலையால் முட்டிக் கோல் போட்டான். ரைஸ்மில் முதலாளியான சீனுவாசன் என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "சார், உங்க கைல டீம குடுத்ததுலேர்ந்து எனக்கு பிரஷர் மாத்திரை ஒண்ணு கூடிப்போச்சு. கொஞ்சம் நிதானமா போங்க சார்."

இப்போது அவருக்கு அந்த மாத்திரை குறைந்துவிட்டது. நான் நிதானமாகிவிட்டேன். எப்போது, எப்படி ஆனேன் என்று கேட்டால்தான் எனக்குத் தலை சுற்றுகிறது.

அந்த முதல் வருஷத்துத் துணிச்சலை எல்லோரும் என் குணம் என்று நினைத்தார்கள். நானும்தான். அது குணமே இல்லை. எனக்கு அங்கே ஒருத்தன் முகமும் தெரியாது, முதுகில் இருக்கிற நம்பர் மட்டும்தான் தெரியும். நம்பரை வெளியே எடுப்பதற்கு என்ன துணிச்சல் வேண்டும்?

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மேட்ச் அன்று காலை பதினோரு மணிக்கு, ஆட்டக்காரர்களில் ஒருவன் வீட்டில் மொத்த டீமுக்கும் சாப்பாடு. முறை வைத்து வீடு மாறும். முதல் வருஷம் நான் போகவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன எலுமிச்சம்பழச் சோற்றை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தின்றுவிட்டு நேராக மைதானத்துக்குப் போய்விடுவேன். இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் கேப்டன் அரிபிரசாத்தின் அம்மா தைலம்மாள் மைதானத்துக்கே வந்து நின்றார். ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம்.

"ஏன் சார், நாங்க ஆக்கிப் போட்ற சோறு உங்களுக்கு ஆவாதா?" என்று அத்தனை பேர் நடுவில் கேட்டார்.

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அடுத்த வாரமே போனேன். அதோடு தொலைந்தேன்.

ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் சோறு மட்டும் உள்ளே போவதில்லை. யாருடைய அப்பாவுக்குச் சர்க்கரை, யாருடைய தங்கைக்கு வரன் தட்டிப்போனது, எந்தச் சுவரில் எந்தக் கோப்பை மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்து உள்ளே போகும். பரிமாறிய கையின் வளையல் சத்தம் காதிலேயே நிற்கும். அப்புறம் நாலு மணிக்கு அந்த வீட்டுப் பிள்ளை ஓட முடியாமல் திணறும்போது, ஊர் பார்க்க அவனை வெளியே கூப்பிட நாக்கு வராது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சும்மாவா சொன்னார்கள்? இப்படி ஒரு சட்டத்தை யாரும் எனக்குப் போடவில்லை. சத்தியமாக யாரும் போடவில்லை. நானே போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்டதுகூட எனக்குத் தெரியாது.

போன மாசம் லீக்கின் கடைசி மேட்ச், விழுப்புரத்தில். டிரா செய்தால்கூடப் போதும், முதல் டிவிஷனில் நீடிக்கலாம். தோற்றால் கீழே இறங்க வேண்டும், என் பதவியும் அதோடு போகும். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் அன்றைக்கு இருந்தது. எங்கள் ஏழாம் நம்பர் சின்னதுரையைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார் என்று தகவல். ஒரு அரசுத் துறையின் டீமுக்கு ஆள் எடுக்கிறவர். அவருக்குப் பிடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. சின்னதுரை மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பத்துப் பையன். அப்பா கடலுக்குப் போகிறவர். அந்த வேலைக்கான வயது வரம்பு அவனுக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது.

மைதானம் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஆனால் சாப்பாடு தைலம்மாள் வீட்டில். காலையில் நான் செருப்பை மாட்டும்போது என் மனைவி அன்புச்செல்வி வாசலில் நின்று சிரித்தாள்.

"கிரவுண்டு இங்க இருக்குது, சோறு திண்டிவனத்துல இருக்குதா? போயி துன்னுட்டு அதே வேன்ல திரும்பி வருவீங்களா? நல்லா இருக்குது உங்க கோச்சு வேல."

பஸ் ஏறினேன்.

தைலம்மாள் முருங்கைக்காய் சாம்பாரும் முட்டையும் மல்லாட்டைத் துவையலும் வைத்திருந்தார். வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். எல்லோரும் சம்மணம் போட்டிருக்க, அரிபிரசாத் மட்டும் வலது காலை நீட்டி வைத்துச் சாப்பிட்டான். முட்டி வீங்கியிருந்தது. நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல சார், ஓடினா சரியாயிடும்" என்றான். சின்னதுரை எப்போதும்போல வரிசைக் கடைசியில், கதவோரம் உட்கார்ந்திருந்தான். அது அவன் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"சார், இன்னும் ஒரு கரண்டி" என்று தைலம்மாள் என் இலையில் சோற்றைத் தள்ளினார். "இன்னைக்கி கெலிச்சிக்கினு வாங்க. நானும் வேன்ல வரேன் பாக்க."

மூன்றரைக்கு மேட்ச் தொடங்கியது. முதல் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதி தொடங்கியதும் சின்னதுரை வலது ஓரமாக இரண்டு பேரைத் தாண்டிப் போய் உள்ளே தள்ளிய பந்தை எங்கள் ஆள் ஒருவன் கோலாக்கினான். ஒன்றுக்கு ஒன்று. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சென்னை அதிகாரி நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். எனக்கு மனசு குளிர்ந்தது.

அறுபத்தைந்தாவது நிமிஷத்துக்கு மேல் எதிரணி எங்களை நெருக்க ஆரம்பித்தது. பின்னாலிருந்து சீனுவாசன் கத்தினார்: "சார், டிரா போதும் சார்! ரிஸ்க்கே வாணாம்! ஜல்தியா ஒரு டிபென்ஸ் ஆளு போடுங்க!"

அவர் சொன்னதில் தப்பில்லை. தடுப்பாட்டக்காரன் கோபியைத் தயாராகச் சொன்னேன். யாரை வெளியே எடுப்பது? இதற்கு யோசனையே வேண்டாம். பத்தாம் நம்பர் அரிபிரசாத் நொண்டிக்கொண்டிருந்தான். பந்து அவன் பக்கம் வந்தால் எதிரணிக்குப் போனது. கால்பந்தைப் பார்த்தே இராதவன்கூடப் பத்தாம் நம்பரை எடு என்றுதான் சொல்வான். வேப்பமரத்தடியில் தைலம்மாள் நின்றிருந்தார். மகன் பந்தைத் தொடும்போதெல்லாம் கையைத் தட்டினார்.

எங்கள் லீக்கில் மின்சாரப் பலகையெல்லாம் கிடையாது. நம்பர் அச்சடித்த அட்டையைத் தூக்கிக் காட்டுவோம். கோபி பையிலிருந்து அட்டைகளைத் தரையில் பரப்பி, "எத சார் தூக்கட்டும்?" என்றான். அப்போதுதான் பார்த்தேன். பத்தாம் நம்பர் அட்டை பிரஸ்ஸிலிருந்து வந்த அன்று இருந்ததுபோல வெள்ளையாக இருந்தது. மற்றவையும் ஏறக்குறைய அப்படித்தான். ஏழாம் நம்பர் அட்டை மட்டும் மூலைகள் மடங்கி, வியர்வைக் கைகளின் அழுக்கேறி, நடுவில் செல்லோடேப் ஒட்டிக் கிடந்தது.

பார்த்தேன். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. பத்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏழு" என்றேன்.

சின்னதுரை அட்டையைப் பார்த்தான். ஒரு தடவை அதிகாரியின் நாற்காலிப் பக்கம் பார்த்தான். அப்புறம் ஓடிவந்து, கோபியின் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தான். எழுபத்தொரு நிமிஷம் ஆகியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்த அதிகாரி நோட்டை மூடிக்கொண்டு என்னிடம் வந்தார். "நல்ல பையன்தான். ஆனா எழுபது நிமிஷத்துக்கு மேல தாங்க மாட்டான்போல இருக்கே. கோச் நீங்களே எடுத்துட்டீங்க" என்றார்.

"அப்படி இல்ல சார், அவனுக்கு ஒண்ணும் இல்ல. டிராவுக்காக..." என்று இழுத்தேன்.

"அப்ப அந்தப் பத்தாம் நம்பர ஏன் எடுக்கல? அவன் நடக்கவே முடியாம இருக்கானே?"

நான் என்ன சொல்வேன்? காலையில் அவன் வீட்டில் சாப்பிட்டேன் என்று சொல்லவா? என் வாயில் இன்னும் துவையல் காரம் இருந்தது. மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

மேட்ச் டிராவில் முடிந்தது. பையன்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். சீனுவாசன் கட்டிப்பிடித்து, "இதான் சார் அனுபவம்! மொத வருசம் மாதிரி இருந்திருந்தா இன்னைக்கி கவுத்துட்டு இருப்பீங்க. இன்னும் ரெண்டு வருசத்துக்கு நீங்கதான், எவன் கேக்கறான்னு பாக்கறேன்" என்றார். தைலம்மாள் என் கையில் மல்லாட்டை உருண்டைப் பொட்டலத்தைத் திணித்தார். இவ்வளவு பேர் பாராட்டுகிறார்களே, நான் செய்தது சரிதானோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது.

எல்லோரும் பரோட்டா கடைக்குப் போனார்கள். சின்னதுரை வரவில்லை. பாண்டிச்சேரி போய் அங்கிருந்து மரக்காணம் பஸ் பிடிக்க வேண்டும் என்றான். நான் அவனோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். நடக்கும்போது மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். இவன் வீடு ஒன்றுதான் பாக்கி. தூரம், போய்வர நேரமில்லை என்றுதான் எல்லோரும் சொல்வோம். யாராவது ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவோம். ஆனால் போன வருஷம் கண்டமங்கலத்தில் ஒரு பையன் வீட்டுக்கு வேன் வைத்துக்கொண்டு போனோமே, அது மட்டும் பக்கமா? பயந்துதான் இவனை எடுத்தேனா, நன்றிக்காக எடுத்தேனா, இல்லை வேறு ஏதாவதா? அந்த வேறு ஏதாவதுக்குப் பெயர் வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

"ஆபீசர் இன்னா சொன்னாரு சார்?" என்று கேட்டான்.

"நல்லா ஆடறன்னாரு." அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. "என்ன மன்னிச்சிருடா. உன்ன எடுத்திருக்கக் கூடாது."

"பரவால்ல சார். நீங்க எப்பவும் என்னத்தான எடுப்பீங்க." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "வேல கெடைக்கலன்னா இன்னா, அப்பா கூட கடலுக்குப் போறேன். ஒண்ணே ஒண்ணு சார், கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளுடா."

"எங்கம்மா மூணு வருசமா சொல்லிக்கினே இருக்குது சார், டீமுக்கு ஒரு நாளு சோறாக்கிப் போடணும்னு. நான்தான் வாணாம் வாணாம்னு தள்ளிக்கினு வந்தேன். ஆக்கி வெச்சிட்டு அது வாசல்லயே நிக்கும், யாரும் வரலன்னா தாங்காது சார். இப்பதான் லீக்கு முடிஞ்சிபோச்சே, மேட்ச்சும் இல்ல, நேரமும் இருக்குது. அடுத்த ஞாயித்துக்கெழம வர்றீங்களா? எத்தினி பேருக்கு ஆக்கச் சொல்லட்டும்?"

பத்தொன்பது என்று சொல்ல வேண்டியதுதான். அவனையும் என்னையும் அவர்களையும் சேர்த்து ஒரு நம்பர், அவ்வளவுதானே. பாண்டிச்சேரி பஸ் வந்து நின்றது, கண்டக்டர் விசில் அடித்தார். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவன் என் முகத்தையே பார்த்தான். சீனுவாசன் என்ன சொல்வார், தைலம்மாள் மகனை அனுப்புவாரா, வேன்காரன் வருவானா என்று ஒவ்வொரு முகமாக எனக்கு வந்து போனது.

"எல்லாரையும் கேட்டுட்டுச் சொல்றேன்டா" என்றேன்.

"சரிங்க சார்" என்று அவன் உள்ளே போனான்.