பேணாட்டின் தலையணைகள்

2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை, பாலையூற்று.

என் முறைப்பாடு இதுதான்: இவ்வூரில் எவரும் ஒரு தாளை இறுதிவரை வாசிப்பதில்லை. முதற் குற்றவாளி நானே. "வினாவை முழுமையாக வாசி" என்று நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளை அதட்டிய நான், ஓர் இதயத்தின் அறிக்கையை முதல் வரியோடு மூடிவைத்தேன். இக்கதை அந்தப் பிழைக்கான திருத்தம்.

1

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

"துறைமுகத்தின் மீது மாலைக் கதிரவன்..." [அடித்துவிட்டேன். கதிரவனுக்கு இங்கே வேலையில்லை.]

"பேணாட் மிகவும் பருத்த..." [இதையும் அடித்தேன். அவர் கோபிப்பார்.]

நடந்ததையே எழுதுகிறேன். பேணாட் என் பழைய மாணவர். துறைமுகத்தில் இழுவைப்படகு இயந்திரத்தை முப்பது ஆண்டுகள் ஓட்டி ஓய்வுபெற்றவர். சென்ற மாதம் என் கதிரை முனக அமர்ந்து, எக்கோ ஸ்கேன் அறிக்கையை நீட்டினார்.

"சேர், அறுபது வீதம். உங்கட வகுப்பில ஒருக்காலும் எடுக்காத புள்ளி."

"முப்பத்தைந்தைத் தாண்டியதே எனக்கு நினைவில்லை."

"ஓம், அதுதான் காட்டக் கொண்டு வந்தனான். அப்ப பதினைஞ்சாந் திகதி மாதாவைத் தூக்கலாம்தானே?"

மாதா திருவிழாவில் சிலையைச் சுமந்து செல்லும் சுரூபக் கூட்டின் முன்வலப் பக்கம் முப்பத்தோர் ஆண்டுகளாக அவருடைய தோளில்தான் நிற்கிறது. தாளைப் பார்த்தேன். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவு அறுபது வீதம்; இயல்பானது. "சித்தி, தேறிவிட்டீர்" என்றேன். அவர் சிரித்தார்; வயிறும் சேர்ந்து சிரித்தது. போகும் வழியில் தொதல் இனிப்பு வாங்கினாராம். [பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். அந்தத் தொதலின் பழியும் என்னுடையதே.]

2

அறிக்கையின் இரண்டாவது வரியை எனக்கு விளக்கியவர் அயல்வீட்டுத் தாதி ஸாலிஹா: இடது கீழறையின் சுவர் தடித்துள்ளது, தளர்ந்து விரியும் ஆற்றல் குறைந்துள்ளது.

இந்த இடத்தில் கட்டுரை எழுதாமல் இருக்க என்னால் இயலாது. உடல் பருக்கும்போது இதயம் கூடுதல் இரத்தத்தை ஓட்டவேண்டியிருக்கிறது. அதன் சுவர் தடிக்கிறது. கொழுப்பு அதைச் சுற்றியும் படிகிறது. ஆண்டுக்கணக்காக இரத்தத்தில் மிகுந்து நிற்கும் சர்க்கரை தசையை விறைக்கச் செய்கிறது. அப்போதும் அது நன்றாகவே சுருங்கும். அறுபது என்றே காட்டும். ஆனால் தளராது. தளராத அறை எளிதில் நிரம்பாது. உள்ளே இடம் பெறாத இரத்தம் பின்னால் தேங்கும். நுரையீரலில் நீர் கசியும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும்; தலையை உயர்த்திவைத்தால் சற்றே தணியும்.

"வெளியில தள்ளுற பம்பி நல்லம், சேர். உள்ளுக்கு எடுக்கிறதிலதான் குறை," என்றார் ஸாலிஹா. "அவர் எத்தனை தலையணை வைச்சுப் படுக்கிறார்? கிளினிக்கில டொக்டர் கட்டாயம் கேப்பார்."

3

இங்கே நான் விலகி நிற்கவேண்டும். இப்பகுதி பேணாட்டின் மனைவி அருள்மலருடையது.

அருள்மலர் வீட்டிலிருந்து தைப்பவர். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கு முன்பும் கணவருடைய சட்டைகளின் பக்கத் தையலைப் பிரித்து, அரை அங்குலம் விட்டுத் தைப்பார், சொல்லமாட்டார். தாம் கல்யாணத்தன்று இருந்த அளவிலேயே இருப்பதாகப் பேணாட் நம்பினார். இவ்வாண்டு தையில் கட்டிலுக்கு இரண்டாவது தலையணை வந்தது. பழையது அமுங்கிவிட்டது என்றார் அருள்மலர். ஆனியில் மூன்றாவது. அதற்கும் அதே காரணம்.

"மூண்டு, சேர். நான்தான் வைச்சனான்," என்றார், நான் கேட்டபோது.

"ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை?"

"மாதாவைத் தூக்க ஏலாது எண்டு டொக்டர் சொன்னா மனுசன் உடைஞ்சுபோம். தூக்கினா..."

[அவர் முடிக்கவில்லை. வாக்கியத்தைப் பாதியில் விடுவோரைக் கண்டிப்பவன் நான். இதை மட்டும் விட்டுவிட்டேன்.]

4

கிளினிக் வரும் செவ்வாய்க்கிழமைதான். ஆகவே முடிவுகளைக் கற்பனையில்தான் எழுதினேன்.

முடிவு அ: மருத்துவர் கேட்கிறார். பேணாட் "ஒண்டு" என்கிறார். அருள்மலர் அவருடைய அகன்ற முதுகின் பின்னால் மூன்று விரல்களை உயர்த்துகிறார். [அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாம் மறுபடியும் அவருடைய முதுகுக்குப் பின்னாலேயே நடக்கிறது.]

முடிவு ஆ: பதினைந்தாந் திகதி, வெயில், தேவாலய வீதி, முன்வலப் பக்கத்தில் கூடு சற்றே... [கிழித்துவிட்டேன்.]

அருள்மலரிடம் அனுமதி பெற்று, அதுவரை எழுதியதைப் பேணாட்டிடமே கொடுத்தேன். "இறுதிவரை வாசியும்," என்றேன்.

இன்று பூசை முடிந்து வந்தார். இரண்டே படி, ஏறியதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தாளை நீட்டினார். நான் "மூன்று" என்று எழுதியிருந்த இடம் பென்சிலால் அடிக்கப்பட்டு, மேலே "நாலு" என்றிருந்தது.

"பிழை விட்டிட்டியள், சேர். மனுசி நித்திரையான பிறகு முன்னறைச் செற்றிக் கதிரையின்ர குசனையும் எடுத்து வைக்கிறனான். விடியமுன்னம் கொண்டுபோய் வைச்சிடுவன். அவவுக்குத் தெரியாது."

நாற்பது ஆண்டுகளில் என் தாளைத் திருத்திய முதல் மாணவர் அவர்.

"நாலு எண்டு டொக்டரிட்டச் சொன்னா கூடு தூக்கிற தோள் போகும், என்ன சேர்?"

"தோள் போகும். ஆள் தப்பும்."

அவர் தாளைத் திரும்ப வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அருள்மலருக்கும் வாசிச்சுக் காட்டவேணும்," என்றார். ஆகவே நீர் வாசிப்பது என் இரண்டாம் பிரதி.

5

முடிவை நான் எழுதப்போவதில்லை. செவ்வாய்க்கிழமை அவர் வாயிலிருந்து வரும் எண் அவருக்கு உரியது. எனக்கு வேண்டியது உமது எண்.

வாசகரே, இறுதிவரை வந்துவிட்டீர், நன்று. இப்போது எழுந்து, உமக்குப் பிரியமான, உடல் பருத்த, நீரிழிவுள்ள அந்த ஒருவருடைய கட்டிலருகே செல்லும். தலையணைகளை எண்ணும். செற்றியையும் பாரும். பிறகு இந்த வாக்கியத்தை நிறைவுசெய்து, என்னிடமன்று, மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டும். இடைவெளியை வெறுமையாக விடுவதை நான் ஏற்கமாட்டேன்.

எங்கள் வீட்டில் அவர் ________ தலையணை வைத்துப் படுக்கிறார்.