ஆசான் முகத்தில் புதுச் சுண்ணாம்பு

ஊர் ஊராகப் போய் ஆடும் கதகளி யோகத்தின் சுட்டிக்காரன் களியக்காவிளையில் காய்ச்சலோடு படுத்துவிட்டான். அதனால்தான் திருவட்டாறில் சுட்டி கட்டத் தெரிந்தும் வேலைவெட்டி இல்லாமல் சுற்றிய பகவதியப்பனைத் தேடி ஆள் வந்தது. சுட்டி சாமானிய வேலையா என்ன? அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்து, வயலுக்கு வரம்பு வைக்கிற மாதிரி வேஷக்காரர் தாடையோரம் அடுக்கடுக்காகக் கட்டவேண்டும். முதலாளி பணிக்கர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"இண்ணைக்குச் சிதறால் ஊர் ஆட்டத்துல சுட்டி நல்லா நின்னா, நாளைக்கு எங்க வண்டியில ஏறிக்கோ. இல்லேண்ணா வந்த வழி உனக்குத் தெரியும்."

ராஜா வேஷம் கட்டும் சங்குண்ணி ஆசான் பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கிப்போனார். இரண்டரை மணிநேரம் குனிந்தே இருந்து பகவதியப்பனுக்கு இடுப்பு ஒடிந்தது. ஆனாலும் சுட்டி அமைந்த அழகு இருக்கிறதே, அவன் கண்ணே பட்டுவிடும்.

கை கழுவும்போதுதான் வினை தெரிந்தது. விரலிடுக்கெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. விளக்கில் காட்டினால் பழமிளகாய் நிறம். புதுக்கடைச் சந்தையில் சுண்ணாம்பு விற்ற நேசம்மாள் படித்துப் படித்துச் சொன்னாள், "காலம்பறதான் தண்ணி விட்டு நீத்தினது மக்கா, ஒரு வாரம் ஆறப்போடு" என்று. மூளையிருந்தால் கேட்டிருப்பான். எந்தச் சுண்ணாம்பானாலும் மணிக்கட்டில் தடவி நூறு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் முகத்தில் வைக்கவேண்டும். வண்டியில் ஏறும் கனவில் இந்த மகராசன் அதையும் மறந்தான்.

வெளியே ஆட்டத்தை அறிவிக்கும் கேளிக்கொட்டு முடிந்து, சனம் பாய் விரித்து உட்கார்ந்தாயிற்று. வாயை மூடிக்கொண்டால் வேலை நிச்சயம். ஆசானுக்கோ முகம்தான் சோறு போடுகிறது.

"ஆசானே, எரியுதா?"

ஆசான் கண்ணைத் திறந்தார். பேசினால் சுட்டி வெடித்துவிடும் என்று, ஒன்றுமில்லை என்பதுபோலக் கையை மட்டும் அசைத்தார். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

பகவதியப்பன் நகத்தைக் கொடுத்து மொத்தச் சுட்டியையும் பிடுங்கி எறிந்தான்.

"எடே பாவி, என்ன காரியம் செய்தே?" பணிக்கர் ஓடிவந்தார். "புதுச் சுண்ணாம்பு முதலாளி, முகம் வெந்துரும். என் தப்புதான்" என்றான் இவன். பணிக்கர் வாசலைக் காட்டினார்.

ஆசான் முகம் கழுவிக் கண்ணாடி பார்த்தார். இடது கன்னத்தில் சக்கரக் காசு அகலத்துக்குச் சிவந்திருந்தது. அதில் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டார்.

"தோலு போகல்ல" என்றார். "பணிக்கரே, கொட்டுகாரரை இன்னொரு மணிக்கூர் கொட்டச் சொல்லும். ஒத்தை வரி சுட்டி போதும்."

"யாரு வைப்பா?"

ஆசான் தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, மாசக்கணக்கில் ஆறிக் கிடந்த சுண்ணாம்பு டப்பாவைப் பகவதியப்பன் பக்கம் தள்ளினார். பிறகு பழையபடி பாயில் மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே சனம் கூவத் தொடங்கியது. பணிக்கர் தலைமாட்டிலேயே நின்றார். பகவதியப்பன் டப்பாவிலிருந்து ஒரு விரல் எடுத்துத் தன் மணிக்கட்டில் தடவி, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான்.