எரிசக்தித் துறையும் சோலையப்பன் நிழலும்

ஒரு ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, வெயில் நாற்பத்தேழு டிகிரியில் நின்றபோது, சோலையப்பனின் நிழல் இருபத்திரண்டு டிகிரியில் இருப்பதை எரிசக்தித் துறையின் ஆய்வாளர் ஹஸ்னைன் அளந்து உறுதி செய்தார். வெப்பமானியில் கோளாறு இருக்கலாம் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற இன்னொரு தொழிலாளியின் நிழலில் அதை வைத்துப் பார்த்தார். நாற்பத்தாறு காட்டியது. மறுபடி சோலையப்பனின் நிழலில் வைத்தார். இருபத்திரண்டு. வெப்பமானியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, உரிமம் இல்லாமல் குளிர் உற்பத்தி செய்வது இந்த அமீரகத்தில் குற்றம் என்று இந்தியில் சொன்னார்.

குற்றம்தான். அது எப்படிக் குற்றமானது என்று தெரிய, துறையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வளைகுடாவின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன அமீரகத்தின் பெயர் இங்கே வேண்டாம். எண்ணெய் வருவதற்கு முந்தைய காலத்தில் அங்கே மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் ஐஸ் தொழிற்சாலை இருந்தது. மீன் கெடாமலிருக்க ஐஸ், ஐஸ் செய்ய டீசல் எஞ்சின், எஞ்சினில் மிச்சப்படும் மின்சாரத்தில் பள்ளிவாசலுக்கும் ஆட்சியாளர் வீட்டுக்கும் நாலு பல்பு. இவ்வளவுதான் ஆரம்பம். அந்தக் கொட்டகைதான் பிறகு துறையானது. வெளிச்சம், தண்ணீர், குளிர் மூன்றும் இனி துறையின் பொறுப்பு, வேறு யாரும் அவற்றை உண்டாக்க வேண்டுமென்றால் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று ஆணை வந்தது. மின்நிலையம் வந்தது, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, கம்பங்களில் தொங்கிய கம்பிகள் மண்ணுக்கடியில் போயின. கடைசியில் துறை தனக்கென்று ஒரு கண்ணாடிக் கோபுரம் கட்டிக்கொண்டது. பழைய ஊர் முழுவதற்கும் ஆகும் மின்சாரம் அந்த ஒரு கட்டடத்தைக் குளிர வைக்கவே தேவைப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில் அங்கே குமாஸ்தாக்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஆண்டுதோறும் துறை வெளியிடும் வழவழப்பான மலரில் இதெல்லாம் படங்களோடு வரும். குழி தோண்டியவர்கள் மட்டும் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார்கள்.

சோலையப்பன் அப்படிக் குழி தோண்டியவர். பெரம்பலூர்ப் பக்கத்து ஆள், துறைக்கு கேபிள் பதிக்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் வேலை. உச்சிவேளையில் வெளி வேலை செய்யக் கூடாதென்று சட்டம் இருந்ததால் கம்பெனி ஓய்வு கொடுத்தது. ஓய்வெடுக்க ஒரு தார்ப்பாய்ப் பந்தலும் கொடுத்தது. ஒருநாள் காற்று அந்தத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் போனது. வேறொன்றை யாரும் கொண்டுவரவில்லை. மறுநாள் ஓய்வு நேரத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் மரமோ சுவரோ இல்லாத மணலில், கூட வேலை செய்த வீரபாண்டி மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்தார்கள். தண்ணீரும் கொதித்தது. சோலையப்பன் அவர் முகத்தில் தன் நிழல் விழும்படி போய் நின்றார். அப்போது அவருக்கு ஒரு கோபம் வந்தது. ஃபோர்மேன் மீதா, கம்பெனி மீதா, சூரியன் மீதா என்று அவருக்கே தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் வீரபாண்டி கண்ணைத் திறந்தார்.

“அண்ணே, குளிருது. போத்திக்க எதாச்சும் குடுங்க,” என்றார்.

அன்றிலிருந்து அந்த நிழல் குளிர்ந்தே இருந்தது. ஜூலையில் உச்சிப்பொழுதுக்கு நிழல் காலடியில் சுருண்டுவிடும் என்பதால் ஒரு தலை வைக்கத்தான் இடம் இருக்கும். யாருக்குக் கண் இருட்டுகிறதோ அவர் முதலில் தலை வைப்பார், பிறகு அடுத்தவர். சாயங்காலம் நிழல் நீளும்போது எல்லோரும் வரிசையாக அதில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். செய்தி பரவியது. துபாயில் தேரா பக்கம் கடை வைத்திருந்தவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். ரியாத்தில் பத்தா பக்கம் சாப்பாட்டுக் கடைகளில் சிரிக்கவில்லை. அங்கே வெயில் இன்னும் மோசம். குளிர்க் கூடாரம் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனிக்காரர் மட்டும், இந்த ஆளைப் பார்த்து மற்ற சைட்டுகளிலும் கூடாரம் வேண்டாமென்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்து துறையில் புகார் கொடுத்தார். அதனால்தான் ஹஸ்னைன் வெப்பமானியோடு வந்தார்.

“லைசென்ஸ் எடு பாய். இல்லேன்னா பந்த் கரோ,” என்றார் ஹஸ்னைன், தனக்குத் தெரிந்த தமிழில்.

“நிழல எப்படிங்க சார் நிறுத்துறது? சுவிட்சா வச்சிருக்கேன்?” என்றார் சோலையப்பன்.

ஹஸ்னைன் அவரைத் துறையின் கோபுரத்துக்கு அழைத்துப் போனார். துறையின் தலைவர் வயதில் இளையவர், வெளிநாட்டில் படித்தவர், கோபப்படாதவர். பேச்சை மொழிபெயர்க்க கனகரத்தினம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷமாக அங்கே தட்டச்சும் மொழிபெயர்ப்பும் செய்பவர். கீழே இருப்பவர் சொல்வதை மேலே இருப்பவருக்குச் சர்க்கரை தூவிச் சொல்வதில் அவர் கெட்டிக்காரர். தலைவர் வழக்குப் போடவில்லை. விருந்தினர்கள் காரிலிருந்து இறங்கும் முற்றத்தில் சோலையப்பன் நிற்க வேண்டும், துறையே விசா தரும், தனி ரூம் தரும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் சோலையப்பன். கம்பெனி அவருக்கும் சேர்த்து யோசித்து முடித்திருந்தது. மறுநாள் காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. வெள்ளைக் கையுறை மாட்டி முற்றத்தில் நிறுத்தினார்கள். இறங்கியவர்கள் அந்த நிழலில் ஒரு கணம் நின்று வியந்து, அதைவிடக் குளிரான கட்டடத்துக்குள் போனார்கள்.

உச்சிப்பொழுது தாண்டியதும் வீரபாண்டியிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, நம்ம குழி ராமையாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பேச்சு மூச்சு இல்ல. தல வைக்க எடம் கேட்டாருண்ணே. எங்க போயி நான் எடங் காட்டுறது?”

சோலையப்பன் கையுறைகளைக் கழற்றி ஒரு பூந்தொட்டியின் மேல் வைத்தார். வாசல் காவலர் தடுத்தார். “டூட்டிக்குப் போறேன்,” என்று சொல்லிவிட்டு நடந்தார். ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, கானல் அலையும் சாலையில் நடந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்ற வேலைக்காரப் பெண்கள், சைக்கிளில் வந்த பார்சல்காரர்கள், சாலை பெருக்குகிற வங்காளிகள் எல்லோரும் கொஞ்ச தூரம் அவர் நிழலோடு நடந்து, தங்கள் திருப்பம் வந்ததும் பிரிந்தார்கள். குழிக்கு வந்து உள்ளே இறங்கி உட்கார்ந்தார். அங்கிருந்த அத்தனை பேரும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அடுத்த நாள் நடுப்பகலில் தலைவரே வந்தார். பின்னால் போலீஸ் வண்டி. ஹஸ்னைனும் கனகரத்தினமும் கூடவே வந்தார்கள். வேலை நிறுத்தம் இங்கே சட்டவிரோதம், எழுந்திருக்காவிட்டால் விசாவை ரத்து செய்து எல்லோரையும் அனுப்பிவிடுவோம் என்று தலைவர் அமைதியாகச் சொன்னார். கனகரத்தினம் அதைத் தமிழில் சொன்னார்.

சோலையப்பன் எழுந்து நின்றார். “அனுப்பட்டும்யா. ராமையா படுக்கையில கெடக்காரு. இந்த ஊருல எரியுற ஒவ்வொரு லைட்டுக்கும் குழி வெட்டுனது நாங்க. எங்க தலைக்கு மேல ஒரு துணி கட்ட உங்களால முடியல. என் நிழலுக்கு உங்க ஆபீஸ்ல பர்மிஷன் கேக்க மாட்டேன். அது காருல வந்து எறங்குறவனுக்கு நிக்கிற கூலியாளும் இல்ல, காட்சிப் பொருளும் இல்ல. அப்படியே சொல்லுங்க.”

கனகரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்பிடியே சொல்லட்டோ தம்பி?”

“அப்படியேதான்.”

“சரி. இண்டைக்கு அப்பிடியே சொல்லுறன்.” தலைவர் பக்கம் திரும்பி, ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல், குரலையும் தாழ்த்தாமல் அரபியில் சொன்னார். முப்பது வருஷத்தில் அவர் குரல் அவ்வளவு உரக்க வந்ததை யாரும் கேட்டதில்லை. தன் காலை யாரோ மிதித்துவிட்டதுபோல் தலைவர் அவரைப் பார்த்தார்.

சூரியன் அப்போது நேர் மேலே இருந்தது. போலீஸ்காரர்களின் நிழல் பூட்ஸுக்குள் ஒளிந்துகொண்டது. சோலையப்பனின் நிழல் மட்டும் வளர்ந்தது. குழியின் நீளத்துக்கு ஓடி, கரையேறி, மணலில் பரவி, கார்களின் சக்கரங்களை நனைத்துக்கொண்டு நின்றது. கார்க் கண்ணாடிகளில் பனி படிந்தது. ஹஸ்னைன் பழக்கதோஷத்தில் வெப்பமானியை எடுத்தார், பார்க்காமலே திரும்ப வைத்துக்கொண்டார், ஷூவைக் கழற்றிவிட்டுக் குழியில் இறங்கி வீரபாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “தோடா ஜகா தோ பாய்,” என்று அவர் கேட்க, வீரபாண்டி நகர்ந்து இடம் கொடுத்தார். போலீஸ்காரர்கள் தலைவரைப் பார்த்தார்கள். அவர் காரில் ஏறினார்.

அந்தக் குழியில் பதிய வேண்டிய கேபிள் இல்லாமல் கோபுரத்துக்கு அந்தக் கோடையைத் தாண்ட முடியாது. வாரக் கடைசியில் பழைய கேபிள் சூடு தாங்காமல் வெடித்தது. கோபுரத்தின் குளிர்பதன இயந்திரங்கள் நின்றன. குமாஸ்தாக்கள் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள், பிறகு கோட்டை, பிறகு படிக்கட்டு வழியாக இறங்கித் தெருவுக்கு வந்தார்கள். அன்றைக்குத் தலைவர் இரண்டாவது முறை குழிக்கு வந்தார், போலீஸ் இல்லாமல். என்ன வேண்டுமென்று கேட்டார். ஒவ்வொரு குழிக்கும் குளிரூட்டிய ஓய்வறை, ராமையாவுக்குக் குணமாகும் வரை வைத்தியம், சோலையப்பனுக்குப் பழைய வேலை என்றார்கள். தலைவர் அவ்வளவையும் ஒப்புக்கொண்டார். கேபிள் பதிந்தது. ராமையா தேறி, மெலிந்து, வேலைக்குத் திரும்பினார். கனகரத்தினத்தை வேலையை விட்டு அனுப்ப ஓர் ஆணை தயாரானது. அதை அரபியில் தட்டச்சு செய்ய அவரை விட்டால் வேறு ஆள் இல்லாததால் அது கிடப்பில் போனது.

குழியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரின் நிழலும் குளிர்ந்துவிட்டது என்பது அடுத்த கோடையில்தான் தெரிந்தது. வீரபாண்டியின் நிழல் இருபத்துநாலு, தேறி வந்து அவர்களோடு உட்கார்ந்த ராமையாவின் நிழல் இருபது, ஹஸ்னைனின் நிழல் கொஞ்சம் சுமார். அவர்கள் வேறு சைட்டுகளுக்கு மாறிப் போனார்கள். அங்கிருந்த பீகார்க்காரர்களும் நேபாளிகளும் அவர்களோடு உட்கார்ந்து எழுந்தார்கள், அவர்கள் நிழலும் குளிர்ந்தது. துறை சில காலம் உரிமம் பற்றிக் கூட்டம் போட்டது. பிறகு அந்த ஆணையிலிருந்து நிழலை விலக்கி ஒரு திருத்தம் கொண்டுவந்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனது. இப்போது அந்த அமீரகத்தில் ஜூலை மாத உச்சிவெயிலில், காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கும் மேனேஜர்களையும் என்ஜினியர்களையும் குழிகளின் கரையில் பார்க்கலாம். கேட்டால் இடம் கொடுக்கிறார்கள். கேட்காமல் உட்கார்ந்தால் நிழல் நகர்ந்துவிடுகிறது. தலைவரும் கேட்டுத்தான் உட்காருகிறார்.