ஓட்டைக்கு வந்த மரியாதை

வெர்னா ஸ்டக்கிக்கு முன்பல் உடைந்தது கிறிஸ்துமஸ் அன்று, தங்கை வீட்டுக் கடலைமிட்டாயில். தங்கை அதைக் கோபத்தோடு காய்ச்சியிருக்க வேண்டும், அப்படியொரு கெட்டி. மேல்வரிசை நடுப்பல் குறுக்காகப் பாதி போய்விட்டது. "வயசு நாப்பத்தேழு ஆச்சு, பாத்துக் கடிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு தங்கை மிட்டாய்த் தட்டை அடுத்தவர் பக்கம் நகர்த்தினாள். வெர்னா அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

விமான நிலையச் சாலையில் இருக்கும் ஹோட்டலில் பதினோரு வருடமாக அறை சுத்தம் செய்கிறவள் வெர்னா. வாரத்துக்கு முப்பது மணி நேரம் வேலை பார்த்தால் ஹோட்டல் மருத்துவ இன்சூரன்ஸ் கொடுத்தாக வேண்டும். அதனால் இருபத்தொன்பது மணி முடிந்ததும், பாதி விரித்த படுக்கையாக இருந்தாலும் சரி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதினோரு வருடத்தில் ஒருநாளும் இந்தக் கணக்கு தப்பியதில்லை. அந்த நிர்வாகம் வேறு எதிலும் அவ்வளவு கவனமாக இருந்து அவள் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் வரவேற்பு மேசைக்கு முழுநேர ஆள் தேவைப்பட்டது. முழுநேரம் என்றால் இன்சூரன்ஸ். மேலாளர் லோமேக்ஸ், அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன், அவளைக் கூப்பிட்டு நிற்கவைத்தே பேசினான்.

"உனக்கு இந்த ஹோட்டல் தலைகீழா தெரியும், இல்லேங்கல. ஆனா மேசையில நிக்கிறவ சிரிக்கணும். எங்க, சிரி பாப்போம்."

வெர்னா உதட்டை மூடியபடியே சிரித்தாள்.

"அது சிரிப்பா? வயித்துவலி வந்த மாதிரி இருக்கு. பல்லைச் சரி பண்ணிட்டு வா, வேலை உனக்கு. மார்ச் கடைசி வரைக்கும் பாப்பேன்."

பல்லைச் சரிசெய்ய இன்சூரன்ஸ் வேண்டும். இன்சூரன்ஸ் வேண்டுமென்றால் அந்த வேலை வேண்டும். வேலை வேண்டுமென்றால் பல் வேண்டும். இதை அவனிடம் சொல்லியும் பார்த்தாள். "அது உன் பாடு" என்றான்.

அன்றிலிருந்து இடைவேளை நேரமெல்லாம் துணி துவைக்கும் அறையில் நின்று போன் போட்டாள். எடுக்கிற பெண்கள் பெயர் கேட்பதற்கு முன்னால் "என்ன இன்சூரன்ஸ்?" என்றுதான் கேட்டார்கள். இல்லை என்றதும் குரலில் இருந்த தேன் அப்படியே வற்றிவிடும். ஒரு இடத்தில் ஆயிரத்து நானூறு டாலர் என்றார்கள். இன்னொரு இடத்தில் எவ்வளவு என்று சொல்வதற்கே, பரிசோதனை, எக்ஸ்ரே என்று இருநூறு கட்டவேண்டுமாம். அரசாங்க இலவச மருத்துவமனையில் மட்டும் உடனே வரச் சொன்னார்கள்.

"பிடுங்கறதுன்னா நாளைக்கே வாங்கம்மா."

"பிடுங்க யாரு கேட்டா? பாதிப் பல்லு இருக்குல்ல, அதைக் கட்டணும்."

"கட்டறது எல்லாம் இங்க இல்லம்மா. பிடுங்கறது மட்டும்தான்."

"அப்போ பிடுங்குற ஆஸ்பத்திரின்னு போர்டு போடுங்க!" என்று வைத்துவிட்டாள். இல்லாதவர்களுக்கு இந்த நாட்டில் இலவசமாகக் கிடைப்பது வாயில் இன்னொரு பொந்து மட்டும்தான் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியில்தான் நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனாள். அங்கே மாணவர்கள் வைத்தியம் பார்ப்பார்கள், பேராசிரியர்கள் மேற்பார்வை செய்வார்கள், கட்டணம் மூன்றில் ஒரு பங்கு. நாற்பது மைல், ஒருநாள் சம்பளம் போச்சு. மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்து, எக்ஸ்ரே எடுத்த பிறகு கடைசி வருட மாணவன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். கார்ட்டர் என்று சட்டையில் எழுதியிருந்தது. பார்த்தால் பசித்த முகம்.

"முன்பல் கட்டறதுக்கு வரிசை இருக்கு மேடம். இப்போ பேரு குடுத்தா ஜூலை மாசம் வரும்."

"ஜூலையா? எனக்கு மார்ச்லயே வேணும் தம்பி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றவன் எக்ஸ்ரேயைத் திரையில் திருப்பினான். திருப்பியவன் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். பிறகு எழுந்துபோய்த் தடுப்புக் கதவைச் சாத்தினான்.

"மேடம், இந்தப் பக்கம் மேல்வரிசையில, கடைவாய்க்கு முன்னாடி பல்லு. அது எப்பவாவது வலிச்சிருக்கா?"

"இல்ல. எனக்கு வலிக்கிறது முன்னாடி. அதைப் பாரு."

"காபி குடிக்கிறீங்களா?"

பதினோரு வருடத்தில் அவளிடம் யாரும் காபி வேண்டுமா என்று கேட்டதில்லை. வெர்னா உஷாரானாள்.

விஷயம் இதுதான். பல் மருத்துவராக உரிமம் வாங்குகிறவன் கடைசிப் பரீட்சையை உயிருள்ள மனிதன் வாயில் எழுதவேண்டும். அந்த மனிதனை அவனேதான் தேடிக் கூட்டிவர வேண்டும். சொத்தைகூட பரீட்சை வைக்கிறவர்கள் சொல்கிற மாதிரிதான் இருக்க வேண்டும்: இரண்டு பல்லுக்கு இடுக்கில், மேல் பூச்சைத் தாண்டியிருக்க வேண்டும், நரம்புப் பக்கம் போயிருக்கக் கூடாது. இதற்காக மாணவர்கள் மதுக்கடைகளிலும் சலவைக்கடைகளிலும் நோட்டீஸ் ஒட்டி, சொந்தக்காரர் வாயையெல்லாம் திறந்து பார்த்து அலைந்துகொண்டிருந்தார்கள். பரீட்சை மார்ச் இருபத்திரண்டு, சனிக்கிழமை. வெர்னாவின் வாயில், அவளுக்கே தெரியாமல், அளவெடுத்துச் செய்ததுபோல ஒரு ஓட்டை இருந்தது.

"அதை இலவசமா அடைச்சிடுவேன். உங்க நாளுக்கு இருநூறு டாலர் தர்றேன். பெட்ரோலுக்குத் தனியா. சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு வந்தா போதும். அதுவரைக்கும் அந்தப் பல்லை மட்டும் யாரையும் தொடவிடாதீங்க மேடம், ப்ளீஸ்."

வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வலிக்கிற பல்லுக்கு நாதியில்லை. வலிக்காத ஓட்டைக்கு இவ்வளவு மரியாதை.

"முன்பல்லைக் கட்டு. அப்புறம் அந்த ஓட்டையை எடுத்துக்க."

"அது என் கையில இல்ல மேடம். வரிசை இருக்கு, ரூல்ஸ் இருக்கு..."

"சரி. வெளியில ஒரு பொண்ணு உக்காந்திருக்கே, உன் கூடப் படிக்கிறதா? அதுகிட்டக் கேட்டுப் பாக்கறேன்."

"மேடம்! மேடம், உக்காருங்க."

அவன் யார் காலில் விழுந்தானோ, எந்தப் பேராசிரியரிடம் கெஞ்சினானோ, வியாழக்கிழமை, அதாவது பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு, மாலை நான்கு மணிக்கு வரச் சொல்லிவிட்டான். இரண்டரை மணி நேரம் அவள் வாய்க்குள் குனிந்திருந்தான். ஊசி போடும்போது வலிக்கவில்லை. பல்லின் நிறத்தில் பசை மாதிரி ஒன்றை அடுக்கடுக்காக வைத்து, நீல விளக்கு காட்டி, செதுக்கித் தேய்த்து, மறுபடி வைத்து, மறுபடி தேய்த்தான். பக்கத்துப் பல்லில் இருக்கிற ஒரு மங்கலான வெள்ளைக்கோட்டைக்கூட இதிலும் கொண்டுவந்தான். கண்ணாடியைக் கையில் கொடுத்தபோது எது உடைந்த பல் என்று அவளுக்கே தெரியவில்லை. நன்றி சொல்லியிருக்கலாம். ஆனால் மிரட்டி வாங்கியதற்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று வாயை மூடிக்கொண்டாள்.

"சனிக்கிழமை வந்துருவீங்கல்ல மேடம்? எனக்கு இன்னொரு ஆள் இருந்தாரு, கூரை வேலை செய்யறவரு. நீங்க வர்றேன்னதும் அவரை என்கூடப் படிக்கிறவளுக்கு விட்டுக்குடுத்துட்டேன். நீங்க வரலேன்னா அடுத்த பரீட்சை நவம்பர்லதான்."

"வர்றேன்னு சொன்னா வருவேன். தொணதொணக்காத."

மறுநாள் வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனவள் லோமேக்ஸின் மேசை முன்னால் நின்று பல்லைக் காட்டினாள். அவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"அட! பரவாயில்லையே. சரி, நாளைக்குக் காலைல ஆறரைக்கு வந்துருங்க. தலைமை ஆபீஸ்லருந்து பயிற்சி குடுக்க ஆள் வர்றாங்க, நாளைக்கு ஒருநாள்தான்."

"நாளைக்கா? நாளைக்கு எனக்கு முடியாது. ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

"அப்போ விடுங்க, உங்ககூட ரூம் சுத்தம் பண்ற கெண்ட்ரா இந்த வேலையைக் கேட்டுக்கிட்டே இருக்கா. பல்லும் நல்லாத்தான் இருக்கு அவளுக்கு."

வெர்னா ஐந்து நிமிடம் தண்ணீர்க்குழாய் பக்கம் போய் நின்றாள். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் யோசித்ததெல்லாம் நியாயம் என்று சொல்லமுடியாது. கார்ட்டர் இளவட்டம், நவம்பரில் எழுதிக்கொள்வான். எனக்கு நவம்பர் கிடையாது. என் முகத்தை எவன் பார்த்தான், ஓட்டையைத்தானே பார்த்தான். ஓட்டை மட்டும் சரியான அளவில் இல்லாவிட்டால் ஜூலையில் வா என்று அனுப்பியிருப்பான். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அன்று சாயங்காலமே ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால் அவன் ராத்திரிக்குள் வேறொரு வாயைத் தேடியிருப்பான். போட்டால் அவன் கெஞ்சுவான், கெஞ்சினால் மனம் இளகிவிடும் என்று பயந்து போடாமல் விட்டாள். அதற்கு எந்த நியாயமும் கிடையாது. அது கோழைத்தனம், அவளுக்கும் தெரியும்.

சனிக்கிழமை ஏழு அடித்து ஐந்து நிமிடத்தில் கால்சட்டைப் பையிலிருந்த போன் துடிக்க ஆரம்பித்தது. பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் விருந்தினரை எப்படி வரவேற்பது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். "கண்ணைப் பாருங்க, பல்லு தெரியணும், மூணு நொடி" என்றாள். வெர்னா கண்ணைப் பார்த்து, பல் தெரிய, மூன்று நொடி சிரித்தாள். தொடையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. பதினேழு தடவை. ஒன்பது மணிக்கு நின்றுவிட்டது.

சாயங்காலம் காரில் உட்கார்ந்து கார்ட்டர் போனில் பேசிப் பதிந்து வைத்திருந்ததைக் கேட்டாள். முதலில் "மேடம், வழி தெரியலையா? நான் வாசல்லயே நிக்கிறேன்" என்றான். பிறகு "காசு எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க" என்றான். கடைசியில் மரியாதையெல்லாம் போய்விட்டது.

"பொம்பளையா நீ? ரெண்டரை மணி நேரம் இடுப்பு ஒடியக் குனிஞ்சு செஞ்சேனே. அந்தப் பல்லை வெச்சுக்கிட்டு நீ எவன்கிட்ட இளிக்கிறேன்னு பாக்கறேன். உன் வாயில இருக்கிறதெல்லாம் உதிர்ந்து போகட்டும்!"

அழித்துவிட்டாள்.

வேலை நிரந்தரமானது. மூன்று மாதம் கழித்து இன்சூரன்ஸ் அட்டை தபாலில் வந்தது. அதைப் பர்ஸில் வெளியே தெரிகிற அறையில் வைத்துக்கொண்டாள். அக்டோபரில் ஒருநாள் குளிர்ந்த தண்ணீர் குடித்தபோது, மேல்வரிசையில் கடைவாய்க்கு முன்னால், சுரீர் என்றது. ஒரு வாரத்தில் ஒரு பக்கமாக மெல்ல ஆரம்பித்தாள். போன் போட்டாள்.

"என்ன இன்சூரன்ஸ்?" என்றது குரல்.

வெர்னா பெருமையாகச் சொன்னாள்.

"அதுல பல்லு சுத்தம் பண்றதுதாங்க இப்போ கிடைக்கும். சொத்தை அடைக்கிறதுக்கு, வேருக்குப் பண்ற ரூட் கெனாலுக்கு எல்லாம் ஒரு வருஷம் ஆகணும்."

"ஒரு வருஷமா? வலி ஒரு வருஷம் காத்திருக்குமா?"

"அது எங்க ரூல்ஸ் இல்லம்மா."

நவம்பர் முதல் வாரம் கல்லூரிக்கே திரும்பிப் போனாள். போகிற வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு போனாள். நவம்பரில்தான் பரீட்சை. எவனாவது ஒருவன் இந்த ஓட்டைக்கு அலைந்துகொண்டிருப்பான். இந்தத் தடவை காசு கூட கேட்க வேண்டாம், எடுத்துக்கொள் என்று சொல்லிவிடலாம். வருகிறேன் என்றால் வந்துவிடலாம்.

தடுப்புக்குள் வந்து உட்கார்ந்தது கார்ட்டர். கூடப் படித்தவர்களெல்லாம் உரிமம் வாங்கிப் போய்விட, அவன் மட்டும் புது நோயாளிகளைப் பார்த்து எழுதிவைக்கிற வேலையில் அங்கேயே தங்கிவிட்டான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்தான். அடையாளம் தெரிந்த மாதிரி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"சொல்லுங்க மேடம், என்ன பிரச்சனை?"

வெர்னா பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அவன் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள், அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"தம்பி, அந்தப் பல்லுதான். உனக்குப் பரீட்சைக்கு ஆள் வேணும்ல? எடுத்துக்க. காசு வேணாம். இந்தத் தடவை ஆறு மணிக்கே வந்து வாசல்ல நிக்கிறேன்."

அவன் எக்ஸ்ரே எடுத்துத் திரையில் போட்டான். ரொம்ப நேரம் பார்த்தான். அவன் கண்ணில் ஒரு நொடி ஆசை வந்துபோனதை அவள் கவனித்தாள். பிறகு அது இல்லை.

"பெரிசாயிடுச்சு மேடம். நரம்பு வரைக்கும் போயிடுச்சு. பரீட்சைக்கு ஆகாது."

"அப்போ?"

"ரூட் கெனால் பண்ணணும். வரிசை இருக்கு, பேரு குடுத்துட்டுப் போங்க, மார்ச்ல வரும்." எழுதிக்கொண்டே சொன்னான். "பிடுங்கறதுன்னா இன்னைக்கே முடிச்சிரலாம்."

பிறகு நாற்காலியைச் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு ஒவ்வொரு பல்லாகப் பார்த்தான். கை முன்போலவே மெத்தென்றிருந்தது. நடுப்பல்லுக்கு வந்ததும் நின்று, கண்ணாடியின் காம்பால் அதை இரண்டு தட்டுத் தட்டினான். அந்த மங்கலான வெள்ளைக்கோடு வரைக்கும் குனிந்து பார்த்தான்.

"இது நல்லா நிக்குது," என்றான். "யாரு மேடம் செஞ்சாங்க?"

வெர்னாவுக்குக் கண் நிறைந்து காதுப்பக்கம் வழிந்தது. வாய் முழுக்கத் திறந்திருந்தது, பதில் சொல்ல முடியவில்லை. அவன் கண்ணாடியை எடுக்காமல் பதிலுக்குக் காத்திருந்தான்.