வரதராசா போட்ட கேற்

சவப்பெட்டியின் கால்மாடு இரும்புக் கேற்றில் இடித்து நின்றது. தூக்கியவர்கள் பின்னுக்கு வந்து, சற்றுச் சரித்து, மறுபடி முன்னுக்குப் போனார்கள். மறுபடியும் இடித்தது. உள்ளே வரதராசா ஒரு பக்கமாகச் சரிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அதோடு அழுகை நின்றுபோனது.

"கீழ வையுங்கோ, கீழ வையுங்கோ," என்றான் கொட்டாஞ்சேனை மலர்ச்சாலையிலிருந்து பிரேத வேலைக்கு வந்த கிளெமென்ற்.

காலையில் வெறும் பெட்டியைச் செங்குத்தாக நிமிர்த்தி, ஆளை நடத்திக்கொண்டு வருவதுபோல இந்த வாசலால் உள்ளே கொண்டுவந்தவன் அவன்தான். இப்போது ஆள் உள்ளே படுத்திருக்கிறார். படுத்தவரை நிமிர்த்த முடியுமா?

வெள்ளவத்தையில் அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடிப் படிவாசலுக்குக் கேற் போட்டவர் வரதராசாவேதான். பக்கத்து ஒழுங்கையில் ஒரு பொடியனை ஆரோ வெள்ளை வானில் கடத்திக்கொண்டு போன கிழமை, வேலைக்குப் போகாமல் நின்று அதைப் போட்டார். வாசலில் பாதியைக் கம்பிச் சட்டத்தால் அடைத்து, மிச்சத்தில் ஒடுக்கமான ஒரு கதவு. "வாறவன் ஒருத்தன் ஒருத்தனாத்தான் வரவேணும்," என்று அளந்து அளந்து செய்தார். வருகிறவனைப் பற்றியே யோசித்த மனிதர், போகிறவனை மறந்துவிட்டார்.

கிளெமென்ற் வரதராசாவின் மனைவி கௌரியிடம் வந்து குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஐயாவை ஒரு பெட்ஷீற்றில சுத்தி கீழ இறக்குவம். பெட்டியத் தனியாக் கொண்டுபோய் அங்க வச்சுப் படுத்துவம். எத்தினையோ வீட்டில செஞ்சிருக்கிறம்."

"வேண்டாம்," என்றாள் கௌரி.

"நாலு மணிக்குக் கல்கிசைச் சுடலையில நேரம் எடுத்திருக்கு பிள்ளை," என்றார் அவளுடைய தமையன் நாகேந்திரம். "இப்ப போய் அடம் பிடிக்காத."

"சீலையில சுத்த விடமாட்டன் அண்ணை. அவருக்கு அது பிடிக்காது."

பிடிக்காது என்பது சின்னச் சொல். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வரதராசாவின் தகப்பன் அகதி முகாமில் செத்துப்போனார். பெட்டி கிடைக்காமல் ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றி, ஒரு முனையை வரதராசாவே பிடித்துத் தூக்கினார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் பூப்போட்ட விரிப்பே வாங்கியதில்லை. கலியாணமான புதிதில் இதைச் சொன்னவர், பிறகு ஒருநாளும் அந்தக் கதையை எடுக்கவில்லை. கௌரிக்கு ஒருமுறை கேட்டதே போதும்.

கீழ்வீட்டில் கம்பி அறுக்கிற கிரைண்டர் இருந்தது. ஆனால் மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. செத்த வீட்டுக்கு வந்த மின்விசிறிகளும் தலையைத் தொங்கப்போட்டு நின்றன.

"மச்சான்ர பற்றறி வாள் இருக்கெல்லே!" என்று நாகேந்திரம் உள்ளே ஓடினார். தன் தொழிலான குழாய் வேலைக்கென்று வரதராசா சிங்கப்பூரிலிருந்து எடுப்பித்த வாள் அது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிளேற் முன்னும் பின்னும் ஓடி அறுக்கும். நாகேந்திரம் பெரிய பல்லுள்ள பிளேற் ஒன்றைப் பூட்டாமல் செருகி, பற்றறியைத் தள்ளி, எதிலும் சாய்த்துப் பிடிக்காமல் விசையை அமத்தினார். வாள் கையில் துள்ளியது. பிளேற் கழன்று பறந்து போய்ச் சுவரில் பட்டு விழுந்தது. பெண்கள் கத்தினார்கள்.

கௌரி எழுந்தாள். சற்று முன்புதான் தாலிக்கொடியைக் கழற்றி அவருடைய நெஞ்சில் வைத்திருந்தாள். அந்தக் கையை நீட்டி வாளைக் கேட்டாள்.

"உனக்கென்ன விசரே? அங்கால போய் இரு."

"விசையில இருந்து விரலை எடுங்கோ அண்ணை. முதல்ல பற்றறியைக் கழட்டவேணும். அவர் பற்றறியைக் கழட்டாமல் பிளேற்றில கை வச்சதை நான் கண்டதில்லை."

நாகேந்திரத்துக்கு என்ன தோன்றியதோ, கொடுத்துவிட்டார்.

அவள் பற்றறியைக் கழற்றிக் கீழே வைத்தாள். வாள் வைக்கிற பெட்டியிலிருந்து பொடிப் பல்லுள்ள பிளேற்றைத் தேடி எடுத்தாள். பெரிய பல் மரத்துக்கு, பொடிப் பல் இரும்புக்கு. லீவு நாட்களில் அவளைக் குழாய் பிடிக்கக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அவர் தனக்குத்தானே சொல்லுகிற பேச்சு அது. செருகிப் பூட்டி, இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அவர் வாள் பிடிக்கும்போது போடுகிற கண்ணாடியை மாட்டினாள். மூக்கில் அது பெரிதாக இருந்தது. பிறகு முந்தானையை இறுக்கிச் செருகி, காலையிலிருந்து விரித்துக்கிடந்த தலைமுடியை அள்ளிக் கொண்டை போட்டாள்.

"ஐயோ கௌரி, பிரேதம் வீட்டில கிடக்க முடிஞ்சு கட்டுறாய்!" என்றது பின்னால் ஒரு குரல்.

"விரிச்ச தலையோட வாள் பிடிச்சா அவர் ஏசுவார்," என்றாள் கௌரி. சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னோம் என்பது உறைத்தது. திரும்பிப் பெட்டியைப் பார்க்கவில்லை.

கம்பிச் சட்டம் நாலு கால்களால் சுவரில் பதிந்திருந்தது. பின்னால் வயர் ஏதும் ஓடுகிறதா என்று தடவிப் பார்த்தாள். கடைசியாகப் பற்றறியைப் போட்டாள். வாளின் மூக்குத் தகட்டை முதல் காலோடு நன்றாக அழுத்தி அணைத்துக்கொண்டு, விசையை மெல்ல அமத்தினாள்.

அந்த உதறல் கை வழியே ஏறித் தோளைப் பிடித்தது. பயந்துபோனாள். இவ்வளவு உயிருள்ள ஒன்றையா அந்த மனிதர் நாள் முழுதும் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்? பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கும்போது அவருடைய விரல் நடுங்குமே. இரத்தப் பிறசர் என்று நினைத்து எத்தனை முறை மருந்தெடுக்கத் துரத்தியிருப்பாள்! இரும்புத்தூள் அவளுடைய பாதத்தில் சூடாகக் கொட்டியது. முதல் கால் விட்டது. பிளேற் ஆறட்டும் என்று சற்று நின்று, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அடுத்ததை அறுத்தாள். மூன்றாவதும் விட்டது.

படியெல்லாம் ஆட்கள் நின்றார்கள். கோயிலில் திரை விலகும்போதுபோலக் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள். கீழ்வீட்டுக்காரி டோரின், படியில் நின்றபடியே சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இப்ப ரெண்டு பேரும் சட்டத்தைத் தாங்கிப் பிடியுங்கோ," என்றாள் கௌரி. "கடைசிக் கால் அறும்போது பாரம் இறங்கிப் பிளேற்றை நெரிக்கும். வாள் திருப்பி அடிக்கும்."

கிளெமென்றும் நாகேந்திரமும் பிடித்தார்கள். கடைசிக் காலில் சத்தம் கொஞ்சம் மாறியது. பற்றறி இறங்குகிறதோ என்று கௌரி காதைக் கொடுத்தாள். கரண்ட் இன்னும் வரவில்லை. இது நின்றால் விரிப்புத்தான். 'கொஞ்சம் பொறுங்கோப்பா, கொஞ்சம்' என்று மனதுக்குள் கெஞ்சினாள். வாளை அழுத்தித் தள்ளாமல், அவசரப்படாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

சட்டம் அவர்களுடைய கைகளில் சாய்ந்தது.

பெட்டியைத் தூக்கினார்கள். வரதராசா சரியாமல், இடிபடாமல், படுத்தபடியே வாசலால் போனார். இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தது. தேவாரம் படித்துக்கொண்டு ஆட்கள் பின்னால் இறங்கினார்கள். முதலாம் மாடித் திருப்பத்தில் பெட்டியின் மேலிருந்த மாலையின் நுனி தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. பெண்கள் அந்த வாசலோடு நின்றுகொண்டார்கள்.

கௌரி கொண்டையை அவிழ்த்துவிட்டு, இரும்புத்தூளுக்கு நடுவில் நிலத்தில் இருந்தாள். முதலில் பற்றறியைக் கழற்றினாள். பிளேற் ஆறும்வரை பார்த்திருந்து, கழற்றி, அவருடைய பழந்துணியால் துடைத்து உறையில் போட்டாள். வாளின் காற்று ஓட்டைகளில் அடைந்திருந்த தூளை ஊதினாள்.

சார்ஜரில் போட்டுவிட்டு அவர் ஒருநாளும் படுத்ததில்லை. முந்தாநாள் இரவும் பச்சை லைற் எரியும்வரை கொட்டாவி விட்டபடி காத்திருந்து, பற்றறியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போய்ப் படுத்தார். விடிய அவள் தேத்தண்ணி கொண்டுபோனபோது எழும்பவில்லை.

அவர் ஏற்றி வைத்ததில் மிச்சம் எவ்வளவென்று காட்டுகிற ஒரு சின்னப் பொத்தான் பற்றறியின் பக்கத்தில் இருந்தது. அதை அமத்தினாள். வரிசையில் இரண்டு லைற்றுகள் எரிந்து, அணைந்தன.

உள்ளேயிருந்து யாரோ தலைமுழுகக் கூப்பிட்டார்கள். கௌரி அந்தப் பொத்தானை மறுபடி அமத்தினாள்.