குடும்ப ஆதரவு: உண்டு

கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்துவிட்டு, குட்டி தன் அண்ணனுக்கு எதிரே நின்று தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். இல்லை என்று சொல், இல்லை என்று சொல். காலையிலிருந்து கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

"உங்க அன்றாட வேலைகளுக்கு உதவ, வீட்டிலயோ பக்கத்திலயோ யாராவது இருக்காங்களா ஐயா?" என்று கேட்டது தராசு, விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அரசாங்கக் கணினி. தேன் ஒழுகும் குரல். பதில் வரும்வரை காத்திருக்க அதற்கு ஆயுசு முழுக்க இருந்தது.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் தலையோடு கையையும் சேர்த்து ஆட்டினாள்.

"ஏன் இல்லாம? என் தங்கச்சி இருக்கா. காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி வருவா. மறுபடியும் சாயங்காலம் வருவா. ராஜா மாதிரி பாத்துக்கறா என்னை."

"ரொம்ப சந்தோஷம் ஐயா."

அது சந்தோஷப்பட்டால் விண்ணப்பம் போச்சு என்று அர்த்தம். குட்டி அழைப்பை அணைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்ன சொல்லிக்கொடுத்தேன், என்ன சொல்ற நீ?"

"உசிரோட இருக்கறவளை இல்லேன்னு சொல்லச் சொல்றியா? அந்த வாய் எனக்கு வராது குட்டி."

ஐம்பதைத் தாண்டி, முட்டி தேய்ந்து, பாதித் தலை நரைத்த பிறகும் அண்ணனுக்கு அவள் குட்டிதான். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் படிப்பை விட்டுவிட்டுப் பஸ் கழுவப் போய், பிறகு பஸ் ஓட்டப் போய் அவளை ஆளாக்கினார். வாழ்க்கை முழுக்க ஒரு சிக்னலைக்கூடத் தாண்டாத டிரைவர். அண்ணி சீக்கிரமே போய்விட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. வேலையிலிருந்து ஓய்வுபெற்று நிம்மதியாகக் காலை நீட்டலாம் என்று நினைத்த வருஷம் இடது பக்கம் முழுதும் விழுந்துபோனது.

காலையும் மாலையும் குட்டி இருப்பாள். நடுவில் கிடக்கும் நீளமான பகல்தான் எமன். முதல் தடவை குளியலறையில் விழுந்தவர், அவள் வேலை முடிந்து வரும்வரை ஈரத் தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்தார். "வழுக்கிடுச்சு" என்றார், ஏதோ வேறு யாருக்கோ நடந்ததுபோல. இரண்டாம் தடவை புருவம் கிழிந்தது. தையல் போட்ட டாக்டர், அடுத்த தடவை இவ்வளவு லேசாகப் போகாது என்று சொல்லிவிட்டார். வேலையை விடலாம் என்றால் இரண்டு வீட்டு அடுப்பும் அணையும். தன் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றால், இருக்கிற இரண்டு அறையில் புருஷனும் மாமியாரும் ஏற்கெனவே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பகலுக்கு ஓர் ஆள் வேண்டும். அரசாங்கம் தருகிறது. யாருக்குத் தருவது என்று தராசு சொல்லும்.

அதன் நிஜப் பெயர் மூச்சு வாங்கும் அளவுக்கு நீளம். பொதுநலம், ஒதுக்கீடு என்றெல்லாம் வரும். ஜனங்கள் தராசு என்று சுருக்கிவிட்டார்கள், கேலியாக அல்ல, நிஜமான மரியாதையோடுதான். முன்பெல்லாம் பராமரிப்பு ஆள் வேண்டுமென்றால் யாரையாவது பிடிக்க வேண்டும், யாரையாவது கவனிக்க வேண்டும். இப்போது அந்தப் பேச்சே இல்லை. அண்ணன் குடியிருக்கும் கட்டடத்திலேயே, கீழ்வீட்டில் தனியாகக் கிடந்த கிழவிக்கு அது தானாகவே தேடிவந்து ஆள் அனுப்பியது. அந்தக் கிழவி இன்றைக்கு வாசலில் உட்கார்ந்து வெயில் காய்கிறாள். நல்லதைக் கெட்டது என்று சொல்லக் குட்டிக்கு நாக்கு வளையவில்லை.

அன்று மாலை காய்ந்த போர்வையை இருவருமாக மடித்தார்கள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தபடி ஒரு முனையை வலது கையில் பிடித்து, மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொள்வார். நோய் வந்த பிறகு அவராகக் கண்டுபிடித்த வித்தை. "இழு" என்பார். வாயில் துணி இருப்பதால் "இயு" என்று கேட்கும். தினமும் இதற்குச் சிரிப்பவள் அன்று சிரிக்கவில்லை.

பராமரிப்பு அலுவலகத்தின் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர் நல்ல மனிதர். நாற்காலி போடச் சொன்னார், முழுக்கக் கேட்டார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அண்ணனின் பெயருக்குக் கீழே, குடும்ப ஆதரவு: உண்டு.

"நீங்க ஒருத்தரே இவ்வளவு செய்யறீங்கம்மா. அதனாலதான் கிடைக்கல," என்றார். "யாருமே இல்லாதவங்களுக்குத்தான் முதல்ல. அது நியாயம்தானே?"

நியாயம்தான். வயிற்றெரிச்சலே அதுதான். யாராவது ஒருவன் அநியாயம் செய்திருந்தால் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டாவது வரலாம்.

"நீங்க பாத்து மாத்த முடியாதா சார்?"

"முன்னாடி எங்க கையிலதான் இருந்துச்சு. இருந்தப்ப நாங்க என்ன பண்ணோம்னு ஊருக்கே தெரியும்." அவர் சிரிக்க முயன்றார்.

"யாரும் இல்லேன்னு அவரையே சொல்லவெச்சா?"

"பொய்ன்னா குரலை வெச்சே கண்டுபிடிச்சிடும். அதுவும் இல்லாம, நீங்க தினம் ரெண்டு தடவை கட்டடத்துக் கதவைத் திறக்கறது உங்க சாவி அட்டையிலயே பதிவாகுது." அவர் பேனாவை மூடித் திறந்தார். "அடுத்த தடவை அது கேக்கும்போது நிஜமாவே யாரும் இல்லாம இருக்கணும்மா. நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க."

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் குட்டிக்குப் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வெந்நீர்ச் சூட்டோடு வரும் விரிப்புகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உதறி, நெருங்கி, மடித்து அடுக்க வேண்டும். அவளுக்கு ஜோடி நெட்டச்சி. எதிரெதிரே நின்று வருஷக்கணக்காக மடித்தவர்கள், முகத்தைப் பார்த்தே சங்கதி தெரிந்துகொள்வார்கள். அலுவலகம் போய்வந்த மறுநாள் முழுதும் நெட்டச்சி ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், "யாரைக் கொல்லப்போறக்கா?" என்றாள்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் குட்டி வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள். கோபம் வரும்படி, ஆனால் ஆறிவிடும்படியான வார்த்தைகள். என் வீட்டில் சண்டை, என்னால் இனி வர முடியாது, இந்த ரீதியில். கஞ்சி கொடுத்தாள், வாயைத் துடைத்தாள், மாத்திரை கொடுத்தாள். அண்ணன் வழக்கம்போல, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அடுக்கிவைத்ததெல்லாம் சரிந்து வேறு ஏதோ வெளியே வந்தது.

"சாப்பிட்டா என்ன, சாப்பிடாட்டி உனக்கென்ன? உன்னை வளத்தேன், வளத்தேன்னு நீ வாய்விட்டுச் சொன்னதில்ல. சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல, திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். பாத்துப் பாத்தே என் உசிரை எடுத்துட்ட. விடிஞ்சா உன் மூத்திரத் துணி, பொழுது சாஞ்சா உன் மூத்திரத் துணி. எனக்குன்னு ஒரு நாள் உண்டா? மொத தடவை விழுந்தப்பவே போய்ச் சேந்திருந்தா ரெண்டு பேருக்கும் நிம்மதி."

பேச்சு நின்றது. நடிப்பதாகத்தான் தொடங்கினாள். ஒரு வார்த்தையைக்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. எல்லாம் தயாராக, மடித்து அடுக்கி, உள்ளேயே இருந்திருக்கிறது.

அண்ணன் பார்வையைத் தாழ்த்தி, மடியிலிருந்த போர்வையின் சுருக்கத்தை வலது கையால் நீவினார். நீவி முடித்தும் நீவிக்கொண்டே இருந்தார்.

"சாவியை வெச்சிட்டுப் போ," என்றார்.

அவளாகவே வைக்க நினைத்திருந்த சாவி அட்டை. அவர் கேட்டுத்தான் வைக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். பஸ் அந்தத் தெருவைத் தாண்டும்போதெல்லாம் அவள் உடம்பு தானாக எழுந்து நின்றது. எதிர்ப்பக்க நிறுத்தத்தில் இறங்கி மாடி ஜன்னலைப் பார்ப்பாள். திரைச்சீலை அசைந்தால் ஆள் இருக்கிறார். அசையாத நாளில் கீழ்வீட்டுக் கிழவியைக் கூப்பிட்டு ஜாடையில் கேட்பாள். கிழவி மேலே காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைப்பாள். இருமல் சத்தம் வருகிறதாம். அப்பாடா என்று அடுத்த பஸ் ஏறுவாள். கஞ்சி யார் கொடுக்கிறார்கள், துணி யார் மாற்றுகிறார்கள் என்ற யோசனை வந்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிடுவாள். விழுந்துவிடாதே, விழுந்துவிடாதே, தராசு மறுபடி கேட்கும்வரை விழுந்துவிடாதே. கண்ணுக்குத் தெரியாத எதையும் அவள் இதற்குமுன் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

சலவைக்கூடத்தில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. ஒரு கையில் விரிப்பின் முனையைப் பிடித்தபடியே மறு கையால் எடுத்துப் படித்தாள். விண்ணப்பதாரருக்குக் குடும்ப ஆதரவு ஏதும் இல்லை என்பது அவருடைய வாக்குமூலத்தின் மூலம் உறுதி செய்யப்பட்டது. நாளை முதல் பகல் முழுவதும் பராமரிப்புப் பணியாளர் வருவார். விண்ணப்பதாரரின் வேண்டுகோளின்படி, தொடர்புக்காகத் தரப்பட்டிருந்த இந்த எண் நீக்கப்படுகிறது. இனி தகவல் எதுவும் அனுப்பப்படாது. தங்கள் நலனில் என்றும் அக்கறையுடன்.

"என்னக்கா?" என்றாள் நெட்டச்சி, எதிர்முனையிலிருந்து.

"ஆள் கிடைச்சிடுச்சு."

"அப்பாடி. நல்ல சேதிதானே? அப்புறம் ஏன் இப்படி நிக்கற?"

அண்ணனுக்குப் பொய் வராது. வந்திருந்தாலும் தராசு ஏமாறாது. ஒருவேளை எல்லாம் புரிந்துகொண்டு, குட்டிக்காகக் குரலைக் கல்லாக்கிக்கொண்டு சொல்லியிருப்பாரோ? அப்படியென்றால் இந்த எண்ணை எதற்கு எடுக்கச் சொன்னார்? மேலே போய் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். சாவி இல்லாமல் மணியடித்துப் போனாலும் கதவு அதைப் பதிவு செய்யும், நாளை வருகிற ஆள் நாளையே திரும்பிப்போவாள்.

"புடிக்கா, சூடு ஆறிடுச்சுன்னா சுருக்கம் நிக்காது," என்றாள் நெட்டச்சி.

குட்டி கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த மறுமுனையைக் குனிந்து பல்லால் கடித்தெடுத்து, நிமிர்ந்து நின்று, இழு என்று தலையை ஆட்டினாள்.